வெயில் ஒத்துக்கலையா? எங்கே வந்திருக்குன்னு முதல்ல பாருங்க

பங்குனி பாதி தாண்டினால் போதும், எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொன்று கிளம்பிவிடும். எனக்கு இரண்டு முன்கையிலும் குண்டூசித் தலை அளவில் பொரிப்பொரியாக வந்து அரிப்பு பிடுங்கும். அண்ணன் மகனுக்கு முதுகு பூராவும் வேர்க்குரு. மதினிக்குக் கன்னத்து மங்கு இன்னும் ஒரு சுற்று கறுக்கும். வாடிப்பட்டிப் பக்கம் ஊரில் இருக்கிற பெரியப்பாவுக்கு முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்துச் சொரசொரவென்று ஆகி ராத்திரித் தூக்கமே போய்விடும். இத்தனைக்கும் எங்கள் அப்பத்தா கையில் வைத்திருப்பது ஒரே வைத்தியம்தான். "வெயிலு ஒத்துக்கல தாயி, எலுமிச்சம்பழத்த அறுத்துத் தேச்சுக் குளி, சூடு எறங்கிரும்."

அப்பத்தா என்றால் எனக்கு உயிர். ஆனால் இந்த எலுமிச்சம்பழ விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. ஏன் என்று கீழே விலாவாரியாகச் சொல்கிறேன். மேலே சொன்ன நாலு பேருக்கும் வந்திருப்பது நாலு வெவ்வேறு சங்கதி, ஒருத்தருக்கு நல்லது செய்வது இன்னொருத்தருக்குக் கெடுதலில் போய் முடியும். அதனால் 'என்ன தடவலாம்' என்று கேட்பதற்கு முன்னால், உடம்பில் எங்கே வந்திருக்கிறது, வெயிலில் நின்றதற்கு எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். முக்கால்வாசி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

நான் டாக்டர் இல்லை, வருஷா வருஷம் கையைச் சொறிந்துகொண்டு இருக்கிற ஆள், அவ்வளவுதான். ஆனால் தோல் டாக்டரிடம் போனபோது அவர் பார்த்த விதம் எனக்கு மனசில் நின்றுவிட்டது. நான் கையை நீட்டினேன், அவர் கையைப் பார்க்கவே இல்லை. "தாடையத் தூக்குங்கம்மா" என்றார். தாடைக்குக் கீழே பார்த்தார். காதுக்குப் பின்னால் முடியை விலக்கிப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி மேல் இமையைப் பார்த்தார். அப்புறம் ரவிக்கைக் கை முடிகிற இடத்தையும், கடிகாரப் பட்டையைக் கழற்றி அதன் அடியையும் பார்த்தார். பட்டைக்கு அடியில் சுத்தமாக இருந்தது, அதை ஒட்டி இரண்டு பக்கமும் பொரி. "வெயில்தான்" என்றார். தாடைக்கு அடியும் காதுக்குப் பின்னாலும் மேல் இமையும் இயல்பாகவே நிழலில் இருக்கிற இடங்கள். அங்கே ஒன்றும் இல்லாமல் மற்ற திறந்த இடங்களில் மட்டும் வந்தால் குற்றவாளி சூரிய வெளிச்சம். அங்கேயும் சேர்ந்து வந்தால் காற்றில் வருகிற தூசி, மகரந்தம், அல்லது முகத்தில் பூசிய ஏதோ ஒன்று. துணிக்கு அடியில் மட்டும் வந்தால் வியர்வை. இதற்கு ஒரு கண்ணாடி போதும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இருப்பதற்குப் பெயர் பாலிமார்ஃபஸ் லைட் எரப்ஷன். டாக்டர்கள் பி.எம்.எல்.இ. என்பார்கள், நாம் வெயில் அலர்ஜி என்போம். வெயிலில் போன உடனே வராது. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் அரிப்பு ஆரம்பிக்கும், அதனால்தான் பாதிப் பேர் வெயிலைச் சந்தேகப்படுவதே இல்லை, நேற்றுச் சாப்பிட்ட கத்தரிக்காய், கருவாடு மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். முன்கையின் வெளிப்பக்கம், பிடரி, கழுத்துக்குக் கீழே நெஞ்சின் மேல்பகுதி, இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். முகத்தில் பெரும்பாலும் வராது, ஏனென்றால் முகம் வருஷம் பூராவும் வெயில் பார்த்துப் பழகியிருக்கிறது. நம் நிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. சின்னப் பொரிகளாக இருக்கும், இல்லாவிட்டால் வெளிறிய திட்டாக இருக்கும். இந்த வெளிறிய திட்டைத் தேமல் என்று நினைத்துக்கொண்டு மாசக்கணக்காகத் தேமல் மருந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பாவம். மறுபடி வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரம் பத்து நாளில் தழும்பில்லாமல் அமுங்கிவிடும். வெயில் காலத்தின் ஆரம்பத்தில்தான் மோசம், போகப் போகத் தோல் பழகி, ஆனி ஆடியில் பலருக்குத் தானே குறைந்துவிடும்.

எனக்குப் பிடரியில் ஏன் வருகிறது என்று ரொம்ப நாள் புரியவில்லை. கருப்பாயூரணியிலிருந்து காளவாசலுக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். காலையில் மேற்கே போகும்போது சூரியன் முதுகுப் பக்கம், சாயங்காலம் கிழக்கே திரும்பும்போதும் முதுகுப் பக்கம். முகத்துக்குத் துப்பட்டா, ஹெல்மெட், கண்ணாடி என்று எல்லாப் பாதுகாப்பும் உண்டு, கொண்டைக்கும் சுடிதார் கழுத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த நாலு விரல் இடம் மட்டும் கோரிப்பாளையம் சிக்னலில் பொசுங்கிக்கொண்டு நிற்கும். உங்களுக்கு எங்கே வருகிறதோ அதை வைத்து, எந்த நேரம் எந்தத் திசையில் வெயில் படுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வேர்க்குருவுக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. வியர்வை வெளியே வருகிற துவாரம் அடைபட்டு உள்ளேயே தேங்குவதுதான் வேர்க்குரு. அதனால்தான் முதுகு, இடுப்பில் பாவாடை நாடா இறுக்குகிற இடம், அக்குள், குழந்தைகளுக்குக் கழுத்து மடிப்பு என்று மூடின இடமாகப் பார்த்து வருகிறது. இருட்டறையில் உட்கார்ந்திருந்தாலும் காற்று இல்லாவிட்டால் வரும். இதற்குப் பவுடரைக் கொட்டிக் கொட்டித் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம், வியர்வையோடு சேர்ந்து அது களியாகி அடைப்பைத்தான் கூட்டும். குளிர்ந்த தண்ணீரில் குளித்து, ஈரம் போகத் துடைத்து, மெல்லிய பருத்தித் துணி போட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்வதுதான் வைத்தியம். எண்ணெய் தடவக் கூடாது. இவ்வளவுதான் வேர்க்குரு, அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இப்போது எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுவது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீர்மோர், பானகம், சில இடங்களில் வெறும் எலுமிச்சைச் சாறு. எங்கள் சித்தி மகன் தல்லாகுளம் பக்கம் நண்பர்களோடு பந்தல் போட்டிருந்தான். பானகத்துக்குப் பழம் பிழிவது அவன் வேலை. அண்டாவை ரோட்டோரம் வைத்துக்கொண்டு, சட்டைக்கையை மேலே சுருட்டிவிட்டு, காலையிலிருந்து பிழிந்துகொண்டே இருந்திருக்கிறான். சாறு விரலிடுக்கில் இறங்கி, மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வழிந்து, அப்படியே காய்ந்தும் போயிருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் பெரிதாக இல்லை. அதற்கு அடுத்த நாள் கை நெருப்பாக எரிய ஆரம்பித்தது. சாறு எப்படி வழிந்ததோ அந்தக் கோட்டிலேயே, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, சிவந்து, நடுவில் நீர்க்கொப்புளம். விரலிடுக்குகள் வீங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை.

வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பல்லி எச்சம் என்றார் ஒருவர். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் என்றார் இன்னொருவர். சித்தி, "இது அக்கிதான்" என்று முடிவு கட்டி, மேலூர்ப் பக்கம் வேளார் ஒருவரிடம் கூட்டிப்போய்ச் செங்காவி வைத்து அக்கி எழுதிக்கொண்டு வந்துவிட்டார். காவி எழுதியதில் கெடுதல் இல்லை, குணமும் இல்லை. பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டியபோது அங்கே இருந்த டாக்டரம்மா அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "எலுமிச்சம்பழம் பிழிஞ்சியா தம்பி?" சித்திக்கு அந்த டாக்டர் மேல் அன்றிலிருந்து ஒரு பக்தி.

விஷயம் என்னவென்றால், எலுமிச்சையில், அதிலும் தோலில், ஃபியூரோகூமரின் என்ற வகை ரசாயனம் இருக்கிறது. நிழலில் அது சும்மா கிடக்கும், கையில் பட்டால் ஒன்றுமே ஆகாது. அதன் மேல் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால்தான் விழித்துக்கொண்டு தோல் செல்களைச் சேதப்படுத்தும். இது அலர்ஜிகூட இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் வரும். ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் காட்டும், அரிப்பை விட எரிச்சல் அதிகம், ஆறின பிறகு அதே கோட்டில் கருப்புத் தழும்பு விழும். சித்தி மகனுக்கு ஆடி வரை அந்தக் கருப்பு போகவில்லை. பழம் பிழிந்தவுடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள், வெயிலில் கறுத்த முகத்துக்கு எலுமிச்சையைத் தேய்த்து, அரையும் குறையுமாகக் கழுவிவிட்டு, மறுபடி வெயிலில் போனால்? கறுப்பு போகத் தேய்த்தது கறுப்பையே கொண்டுவரும். அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நாங்கள்லாம் கறுத்தாடி போனோம்?" என்று கேட்டார். அவர் காலத்தில் விடிவதற்கு முன்னால் கிணற்றடியில் குளித்துத் தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி அலசியிருப்பார்கள். இப்போது பஞ்சில் தொட்டு முகத்தில் தடவிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புகிறோம். அதனால் அப்பத்தாவும் சரி, நானும் சரி என்று சமாதானமாகப் போய்விட்டோம்.

இதே வகையில் இன்னொன்று. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்குச் சாமான் கேட்டால், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ஆவாரம்பூவோடு கார்போகரிசியும் ஒரு பொட்டலம் வரும். கருப்பாக, சின்னதாக, தனி வாசனையோடு இருக்கிற விதை. அதில் இருப்பதும் சோரலென் என்கிற ஃபியூரோகூமரின்தான். வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் காலங்காலமாக அதைப் பயன்படுத்துவது இந்தக் குணத்துக்காகத்தான். இங்கிலீஷ் வைத்தியத்திலும் சோரலென் வகை மருந்து கொடுத்து, அளந்த நேரத்துக்கு ஒளியில் நிற்கவைக்கிற சிகிச்சை உண்டு. அதாவது அளந்து கொடுத்தால் மருந்து, கண்ட மேனிக்குப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம். குளியல் பொடியில் கொஞ்சமாகச் சேர்த்து நன்றாக அலசிக் குளிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே வெயிலில் தோல் பொரிகிற ஆட்கள் அதைப் பொடியில் சேர்க்காமல் விடுவது நல்லது, அரைத்து முகத்துக்குப் பற்றுப் போடுவதைக் கண்டிப்பாக விட வேண்டும். இயற்கைப் பொருள்தானே, என்ன செய்யும் என்கிற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. சந்தனம், மஞ்சள்கூட ஒத்துக்கொள்ளாமல் முகம் தடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரியப்பா கதை வேறு. அவருக்கு மேல் இமை, காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், முழங்கை மடிப்பில் எல்லாம் இருந்தது. எல்லோரும் வெயில் என்றார்கள், அவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரிந்தார், குறையவில்லை. காரணம் வாய்க்கால் கரையிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கிற பார்த்தீனியம். வெள்ளைப் பூ பூத்து, கேரட் இலைச் சாயலில் இலையோடு இடுப்பளவுக்கு வளருமே, அதேதான். வெளிநாட்டிலிருந்து வந்த இந்தக் களை 1950-களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்டு, அப்புறம் நாடு பூராவும் பரவியது. செடியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, காய்ந்து பொடியான இலையும் பூவும் காற்றில் வந்து தோலில் பட்டாலே போதும், அதில் இருக்கிற பார்த்தீனின் என்கிற சத்து அலர்ஜியைக் கிளப்பிவிடும். வருஷக்கணக்கில் விட்டால் நிஜமாகவே வெயிலும் ஆகாத தோலாக அது மாறிவிடக்கூடும். வயக்காட்டு ஆட்களுக்கும், நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரை செதுக்குகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: பூப்பதற்கு முன்னால் பிடுங்க வேண்டும், வெறுங்கையால் பிடுங்கக் கூடாது, முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும், வேலை முடிந்ததும் அதே துணியோடு படுக்காமல் குளித்துத் துணியை மாற்ற வேண்டும். பெரியப்பா இப்போது காட்டிலிருந்து வந்ததும் நேராக மோட்டார் ரூமில் குளித்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுகிறார். பெரியம்மா உத்தரவு.

சரி, நிஜமாகவே வெயில்தான் காரணம் என்றால் என்ன செய்வது? முதல் வைத்தியம் கடிகாரம். மதுரை கிட்டத்தட்ட பத்து டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதனால் வருஷத்தில் இரண்டு தடவை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், சித்திரை பிறந்த கையோடு ஒன்று, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று. அந்த நாளில் நட்டுவைத்த கம்புக்கு நண்பகலில் நிழல் இருக்காது. அந்த நண்பகலும் நமக்குச் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வராது. இந்திய நேரத்தை 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்திருக்கிறார்கள், நாம் அதற்கு மேற்கே 78 டிகிரியில் இருக்கிறோம், அதனால் சித்திரை மாசத்தில் நமக்கு உச்சிவெயில் பன்னிரண்டே கால் வாக்கில்தான். தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிர் அப்போதுதான் உச்சம். ஆனால் நம் உடம்புக்குப் புழுக்கம் அதிகம் தெரிவது மூன்று மணி வாக்கில். இந்த வித்தியாசத்தில்தான் ஏமாந்துவிடுகிறோம். பதினொரு மணிக்கு, "இன்னும் சூடு ஏறல, இப்பவே போயிட்டு வந்துருவோம்" என்று மாட்டுத்தாவணிக்குக் கிளம்புகிறவர்கள் அன்றைய கதிரில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று அர்த்தம். சித்திரை மாசம் மதுரையில் காலை ஒன்பதே கால் வாக்கில் நிழல் நம் உயரத்துக்கு வந்துவிடும், மறுபடி அந்த உயரத்துக்கு நீளுவதற்கு மூன்றே கால் ஆகும். அக்னி நட்சத்திரம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம், ஆவணி வெயிலும் தலைக்கு மேல்தான் நிற்கிறது. மெல்லிய மேகம் இருந்தாலும் கதிரில் பெரும்பகுதி இறங்கிவிடும். (காலை ஏழு மணி இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. டி தயாராவதற்கு வேண்டிய, யு.வி.பி. என்கிற வகைப் புற ஊதாக் கதிர் அந்த நேரத்தில் சொற்பம். நடைப்பயிற்சிக்கு நல்ல நேரம், அதோடு சரி.)

பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணாடியை மூடிவிட்டால் தப்பித்தோம் என்பதும் பாதி உண்மைதான். சாதாரணக் கண்ணாடி யு.வி.பி.யைத் தடுக்கும், யு.வி.ஏ. என்கிற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரை விட்டுவிடும். பி.எம்.எல்.இ.யைக் கிளப்புவதிலும் எலுமிச்சைக் கொப்புளத்திலும் யு.வி.ஏ.வுக்குத்தான் பெரிய பங்கு. நம் ஊர் கார் டிரைவர்களின் இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், ஜன்னல் பக்கம் இருக்கிற வலது கை தனியாகக் கறுத்திருக்கும்.

இரண்டாவது வைத்தியம் துணி. எந்தக் களிம்பை விடவும் இதை நம்புவேன். ஆனால் எல்லாத் துணியும் ஒன்றில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள், அந்தப் பக்கம் விரல் தெரிந்தால் கதிரும் உள்ளே வரும். வெளுத்துப்போன வெள்ளைப் பருத்திச் சட்டை குளுமையாக இருக்கும், தடுப்பது கம்மி, நனைந்துவிட்டால் இன்னும் கம்மி. திருவிழாவில் தண்ணீர் பீய்ச்சி நனைந்த சட்டையோடு நாள் பூராவும் நிற்கிறவர்களுக்கு உடம்பு குளிர்ந்திருப்பதால் சுடுவதே தெரியாது, ராத்திரிதான் தோள்பட்டை காந்தும். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர்ந்த நிறத் துணிதான் நல்லது. நான் பழைய கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் மாட்டி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போகிறேன். அழகு பார்க்கிற வயசு தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடரிப் பிரச்சினை அந்தக் காலரோடு தீர்ந்தது. சிக்னலில் விற்கிற நீளக் கையுறையும் நல்லதுதான், வெள்ளையை விடக் கருப்பை வாங்குங்கள். நடந்து போகிறவர்களுக்குக் கருப்புக் குடைக்கு ஈடு இல்லை. குடை மழைக்குத்தான் என்று நினைக்கிற ஆம்பளைகளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், துணி மூடாத இடத்துக்கு வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண் முக்கியமாக யு.வி.பி.க்கான கணக்கு, முப்பது என்றால் சுமார் 97 சதவீதம் தடுக்கும். யு.வி.ஏ.வுக்கு பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும், மூன்றாவது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொட்டு வைக்கிற அளவுக்குத் தொட்டுப் பூசினால் அட்டையில் போட்ட எண்ணில் கால்வாசிகூடக் கிடைக்காது, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், வியர்த்தால் மறுபடி பூச வேண்டும். மங்கு இருக்கிறவர்களுக்கு நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் நல்லது, ஏனென்றால் மங்கு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்திலேயே கறுக்கும், அந்த நிறத்தில் இருக்கிற இரும்பு ஆக்சைடு அதைத் தடுக்கும். தேங்காய் எண்ணெய் சன்ஸ்கிரீன் ஆகாது. அதற்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

வந்த பிறகு என்ன செய்யலாம்? தோல் சுட்டுச் சிவந்து காந்தினால் முதலில் குளிர்ந்த தண்ணீர், ஐஸ் வேண்டாம். பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒரு கால் மணி நேரம் போட்டு எடுத்து, மறுபடி போடுங்கள். அரிப்புக்கு கேலமைன் லோஷன். கற்றாழை தடவுகிறவர்கள், மடலை அறுத்தவுடனே வழிகிற மஞ்சள் பாலை வடியவிட்டு, சதையை நன்றாகக் கழுவி, முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள், அந்தப் பால் பலருக்கு அரிக்கும். சுட்ட இடத்தில் சூடு இருக்கும்போது எண்ணெய் தடவ வேண்டாம், காந்தல் அடங்கித் தோல் காய்ந்து உரியும்போது தேங்காய் எண்ணெய் நல்லது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். பேஸ்ட், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நுங்கும் பதநீரும் மோரும் தாராளமாகச் சாப்பிடுங்கள், உடம்பில் தண்ணீர் சேரும், நாக்குக்கும் சுகம், ஆனால் நுங்கு தின்றதால் முன்கையில் பொரி வராமல் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குழந்தைகளின் கன்னத்தில் வெயில் காலத்தில் தெரிகிற வெளிறிய திட்டுக்கு வயிற்றுப் பூச்சி காரணமில்லை, சுற்றியிருக்கும் தோல் கறுப்பதால் அந்த வறண்ட திட்டு எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். எண்ணெய் தடவினால் போதும்.

மெடிக்கலில் போய், "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் பொரி மாயமாகப் போகும், முகம் பளிச்சென்று ஆகும், அதனாலேயே விட மனசு வராது. மாசக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வந்து, முடி முளைத்து, வெயிலில் பத்து நிமிஷம் நிற்க முடியாத முகமாகிவிடும், நிறுத்தினால் இன்னும் எரியும். இப்படிப்பட்ட களிம்புகளைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சில அறிகுறிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வெயில் பட்ட சில நிமிஷத்திலேயே கொசு கடித்தாற்போலத் தடிப்பு கிளம்பி, நிழலுக்கு வந்து ஓரிரு மணி நேரத்தில் மறைந்தால் அது வெயில் தடிப்பு, உடம்பு நிறைய வெயில் பட்டால் மயக்கம்கூட வரலாம். மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்தில் சிவந்து, கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல், விட்டு விட்டுக் காய்ச்சல் என்றால், முக்கியமாக இளவயதுப் பெண்களுக்கு, லூப்பஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குகிற நோய்) இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை பார்த்தே ஆக வேண்டும். கழுத்தைச் சுற்றி மாலையாகவும் புறங்கையிலும் தோல் கறுத்து உரிந்து, வயிற்றுப்போக்கும் தடுமாற்றமும் சேர்ந்தால் அது நியாசின் என்கிற பி3 சத்துக் குறைவு, தினமும் குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாதவர்களிடம் இதைப் பார்க்கலாம், காசநோய் மாத்திரையில் ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்களுக்கும் வரக்கூடும்.

அப்புறம் மாத்திரைகள். பிரஷருக்குக் கொடுக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு, பருவுக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின், சில வலி மாத்திரைகள், வலிக்குத் தேய்க்கிற கீட்டோப்ரோஃபென் ஜெல், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், இவை எல்லாம் சிலருக்கு வெயிலைத் தாங்காத தோலாக்கிவிடும். புது மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்த பொரி என்றால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோலைக் காப்பாற்றி என்ன பண்ண? கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

டாக்டரிடம் போகும் நாளுக்குள் பொரி பாதி அமுங்கிவிடும், அது எப்போதும் நடக்கிறதுதான். அதனால் வந்த அன்றைக்கே பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துவையுங்கள், கிட்டத்தில் ஒன்று, கை முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று. போகும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டை, தடவுகிற களிம்பு டியூப், குளியல் பொடி, தலைச் சாயப் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசையில் கொட்டிவிடுங்கள். என்ன பூசுகிறீர்கள் என்று அவர் கேட்டால், "ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா வீட்டுப் பொடிதான்" என்று சொல்லி மழுப்பாதீர்கள்.